அணைக்காத கணினி

தண்டோரா என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது தான்தான் என்று குறைந்தது நாலு பேர் சொல்லிக்கொள்கிறார்கள். யார் வைத்தால் என்ன, பொருத்தம் பிசகவில்லை. காசில்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம் என்று ஒரு கூட்டம் சேர்ந்து செய்கிற இயங்குதளம் ஒன்று இருக்கிறது. அதைக் கணினியில் போட்டுப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில். அதில் ஓட்டை, உடைசல் எது கண்டுபிடிக்கப்பட்டாலும், 'இன்ன கோளாறு, இன்னார் எழுதிய இடத்தில், இப்படிச் சரிசெய்யுங்கள்' என்று அத்தனை பேருக்கும் மெயில் அனுப்புவது அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கன்னம் வீங்கியவர்களுக்கு டோக்கன் கொடுப்பதுதான் சோறு போடுகிற வேலை. மெயில் அனுப்புவது மனசுக்கு.

அப்படிப்பட்டவள் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை என்றால் வீட்டில் சும்மா இருப்பார்களா? அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களின் முகத்தைப் படித்தே பழகியவர்.

"என்னடி, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? யாரையாவது கொன்னுட்டியா?"

"வேலை விஷயம்."

"வேலை விஷயம்னாதான் நீ காது கிழியப் பேசுவியே. சொல்லு, நான் யார்கிட்ட போய் சொல்லப்போறேன். ஸ்டியரிங்கிட்டயா?"

"சொல்லக் கூடாதுங்க."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. 'சொல்லக் கூடாது' என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம் என்று அவருக்குத் தெரியும். ஆபத்தான ஓட்டை ஒன்று தெரியவந்தால், அதை அடைக்கும் வழி தயாராகும்வரை பெண்டாட்டி, பிள்ளை, உயிர் நண்பன் யாருக்கும் மூச்சு விடக் கூடாது. தயாரான பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஒருத்தருக்கு முன்கூட்டிச் சொன்னால், அந்த ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்வார், கடைசியில் அது கெட்ட புத்திக்காரன் காதுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். செய்தியை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது என்றால் நமக்கெல்லாம் வயிறு உப்பிவிடும். அவர்கள் அதைக் கடமை என்கிறார்கள்.

அந்தச் சட்டத்தைப் போட்டதே அவளுடைய அண்ணன்தான். இன்னொரு சட்டமும் அவர் போட்டது: யார் எழுதிய கோடில், அதாவது கணினி நிரலில், தப்போ, அவர் பெயர் அறிவிப்பில் வர வேண்டும். திட்டுவதற்கு இல்லை. தப்பு செய்தவனுக்கே அந்த இடத்தைப் பற்றி அதிகம் தெரியும், கேள்வி இருந்தால் அவனிடம் கேளுங்கள் என்பதற்கு. அவர் பெயரே பதினைந்து இருபது தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தங்கைக்குப் போன் செய்து, "பேர்ல எழுத்துப்பிழை இல்லாம போட்டியே, அதுவே பெரிசு" என்பார்.

இந்தத் தடவையும் அவர் பெயர்தான். போன் செய்யத்தான் ஆள் இல்லை. அவர் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கோளாறு இதுதான். கணினி போட்டதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று உள்ளே ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்கு அண்ணன் ஒதுக்கியிருந்த இடம் சின்னது. வருஷக்கணக்கில் ஒரு தடவைகூட அணைக்காமல் ஓடினால் அது நிரம்பி வழியும். வழிந்தால், தண்ணீர் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரை நனைப்பதுபோல், சேமித்து வைத்திருக்கும் ஃபைல்களின்மேல் குப்பையை எழுதிவிடும். ஒரு வானிலை நிலையத்தில் அப்படி ஆகிப் பல வருஷக் கணக்குகள் மண்ணாய்ப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. தீர்வு சுலபம்: அணைத்துப் போட வேண்டும், பிறகு அப்டேட்டை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை கணினியை அணைக்கிற சாதாரண மனிதர்களுக்கு இதனால் ஒரு கீறலும் இல்லை.

ஆனால் இந்தக் கூட்டத்தில் சாதாரண மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள்? அணைக்காமல் ஓட்டுவதுதான் இவர்களுக்குப் பெருமை. யார் கணினி எத்தனை காலமாக நிற்காமல் ஓடுகிறது என்று ஒரு பலகையே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் இடத்தில் 'மலைமுழுங்கி' என்று ஒருவர். வீடு மாறும்போதுகூட, பேட்டரியோடு கணினியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போனாராம். போகட்டும், சிலருக்கு நாய், சிலருக்கு இது.

முதல் இடத்தில் இருந்தது அண்ணனுடைய கணினி. அதன் உரிமையாளர் இப்போது அண்ணி.

அண்ணி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கணினியில் அவளுக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. இந்தக் கணினியை அவள் அணைக்காததற்குக் காரணம் பெருமையும் இல்லை. அன்றைக்கு மத்தியானம் அண்ணன் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து, "டீ போடறேன், உனக்கும் வேணுமா?" என்று கேட்டார். எழுந்திருக்கும்போது வழக்கம்போல் திரையைப் பூட்டினார். நடையைத் தாண்டவில்லை. அங்கேயே சரிந்தார். அவ்வளவுதான்.

பூட்டிய திரை பூட்டியபடியே இருக்கிறது. பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது.

"ரெண்டே ரெண்டு பேர் இருக்கற வீட்ல என்னத்துக்கு பூட்டு? என்கிட்டேர்ந்து தானே?" என்று அவர் இருக்கும்போதே அண்ணி சண்டை போடுவாள். போன பிறகு அந்தச் சண்டை வேறு மாதிரி ஆனது. அன்றைக்கு என்ன தட்டிக்கொண்டிருந்தார்? காலையில் இருவருக்கும் ஏதோ மனக்கசப்பு. என்ன என்று அண்ணி யாரிடமும் சொன்னதில்லை. நாமும் துருவிப் பார்த்தோம், பெயரவில்லை. அதற்குச் சமாதானமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், சேமிக்காமல் எழுந்துவிட்டார், அது அந்தப் பூட்டுக்குப் பின்னால் அப்படியே காத்திருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. அணைத்தால் சேமிக்காதது போய்விடும். அதனால் அணைக்கவில்லை. மின்சாரம் போனால் தாங்க பேட்டரி. அது பழசானதும் புதுசு வாங்கி, ஓட ஓடவே மாற்றினாள். தண்டோராதான் பக்கத்தில் நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இருவருக்கும் வியர்த்த வியர்வை! ஆபரேஷன் தியேட்டர்கூட அப்படி இருக்காது.

தண்டோரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த எண் நிரம்பி வழிய அண்ணியின் கணினிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அணைத்தால் சேமிக்காத அந்த ஒன்று போகும். அணைக்காவிட்டால் சேமித்த அத்தனையும் போகும்: கல்யாணப் படங்கள், அண்ணனின் குரல் பதிவுகள், அவர் இருபது வருஷமாக எழுதி வைத்த அனைத்தும். பாஸ்வேர்டு இல்லாமல் அப்டேட்டையும் ஏற்ற முடியாது. மூன்றாவது வழி கிடையாது.

இதிலும் மோசமான ஒன்று இருந்தது. கோடு எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே தங்களுக்கும் அடுத்தவர்களுக்கும் குறிப்பு எழுதி வைப்பார்கள். கணினி அதைக் கண்டுகொள்ளாது, மனிதர்கள் படிப்பதற்கு. அந்தச் சின்ன எண்ணுக்குப் பக்கத்தில், பல வருஷங்களுக்கு முன்னால், அண்ணன் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்:

'இவ்வளவு காலம் யாரும் கணினியை அணைக்காமல் வைத்திருக்கப் போவதில்லை. அப்படி வைத்திருந்தால் அவருக்கு வேறு ஏதோ பிரச்சினை.'

யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்பதுதானே அந்த இயங்குதளத்தின் பெருமையே. அறிவிப்பு போன அடுத்த நிமிஷம் இந்த வரி ஊர் முழுக்கப் பறக்கும். அண்ணியோ, ஒரு அறிவிப்பு விடாமல் படிக்கிறவள். புரிந்து அல்ல. அவர் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று பார்க்க.

ஓட்டைகளைக் கவனிக்கும் குழுவின் தலைவரை எல்லோரும் பூட்டுக்காரர் என்பார்கள். அவர் போனில் வந்தார்.

"இந்த ஒரு தடவை பேரை விட்டுடலாம்மா. யாரும் கேட்க மாட்டாங்க. குறிப்பையும் புது கோடுலேர்ந்து எடுத்துடறேன்."

"பழைய கோடுல இருக்குமே சார்."

"இருக்கும். ஆனா நாமளா எடுத்துக் காட்ட வேண்டாமே."

"உங்க பேரை போன வருஷம் போட்டப்போ நீங்க விடச் சொன்னீங்களா?"

"நான் உயிரோட இருக்கேன்மா. திட்டினா திருப்பித் திட்டுவேன்."

"அண்ணன் போட்ட சட்டம் சார். அவருக்காகவே அதை மீறினா, அப்புறம் யாருக்குதான் பொருந்தும்?" என்றாள். பேசியது கம்பீரம்தான். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் என்று புருஷன் பிற்பாடு சொன்னார். குழாய்ச் சத்தத்தில் அழுதால் கேட்காது என்று பெண்களுக்கு யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ.

அன்று சாயங்காலம் அண்ணியின் கடைக்குப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. சொல்லவும் கூடாது, சும்மா இருக்கவும் முடியவில்லை. அண்ணி ஒரு கண்ணாடியின் காதுப்பட்டையை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"வா. என்ன, முகம் வெளுத்திருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான்."

"நீ சும்மா வந்து நான் பார்த்ததே இல்லையே. உக்காரு." அண்ணி கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏதோ வாய் வரைக்கும் வந்து நிக்குது. முழுங்கற. உங்கண்ணனும் இப்படித்தான் முழுங்குவாரு, தொண்டைல ஒரு உருண்டை ஏறி இறங்கும். நாளைக்கா, நாளன்னைக்கா?"

"என்னது?"

"அறிவிப்பு."

தண்டோரா தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்குக் காலைல. பத்து மணிக்கு."

"மத்ததைக் கேக்கமாட்டேன், பயப்படாதே. அவரோட பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவ நான். எத்தனை தடவை பக்கத்துல படுத்துக்கிட்டே எனக்குத் தெரியாம ஊரைக் காப்பாத்தியிருக்காரு."

அதற்குமேல் இருந்தால் கொட்டிவிடுவோம் என்று தண்டோரா எழுந்துவிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "நாளைக்கு கடையைக் கொஞ்சம் லேட்டாத் திறப்பீங்களா? பத்து மணிக்கு நான் வீட்டுக்கு வரேன்" என்றாள்.

அண்ணி கையிலிருந்த கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஊரைக் காப்பாற்றுகிற அறிவிப்பை எதற்குத் தன் வீட்டில் வந்து உட்கார்ந்து அனுப்ப வேண்டும் என்று கேட்கத் தெரியாதவளா? கேட்கவில்லை. "வா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை, பல் வைத்தியரிடம் தனக்கே பல் வலி என்று சொல்லிவிட்டு, அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தண்டோரா மடிக்கணினியைத் திறந்தாள். எதிரே அண்ணி, முன்னால் அவள் போன். அடுத்த அறையின் கதவு எப்போதும்போல் திறந்தே இருந்தது. சூடு ஏறாமல் இருக்க அந்தக் கதவைச் சாத்துவதே கிடையாது. உள்ளேயிருந்து கணினியின் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. புதுசாக வருகிறவர்களுக்கு முதல் பத்து நிமிஷம் கேட்கும், பிறகு மறந்துவிடும். அண்ணி அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள்.

மணி பத்தானது. தண்டோரா அனுப்பும் பொத்தானைத் தட்டினாள். எல்லோருக்கும் போன அதே நொடியில், மேசைக்கு எதிர்ப்பக்கம் அண்ணியின் போனும் கிணுகிணுத்தது. சட்டம் ஒரு நூல்கூட விலகவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரம்தான், ஒருத்தருக்கு மட்டும் பக்கத்தில் ஆள்.

அண்ணி படித்தாள். கண்ணாடிக் கடைக்காரி இல்லையா, எழுத்தை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, நிதானமாகப் படித்தாள்.

"அவர் பேரு."

"ஆமா அண்ணி."

"எழுத்துப்பிழை இல்லை." இன்னும் படித்தாள். "ரொம்ப நாளா அணைக்காத கணினின்னா... நம்மது."

"ஆமா. இந்த வாரமே. அணைக்கலைன்னா உள்ள இருக்கற அவ்வளவும் போயிடும். படம், குரல், எல்லாம். அணைச்சா..."

"அணைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

தண்டோராவின் திரையில் பதில்கள் வரத் தொடங்கின. முதல் பதிலே மலைமுழுங்கியுடையது: 'வேறு வழி கண்டுபிடியுங்கள். என் கணினியை நான் அணைப்பதாக இல்லை.' அவருக்குப் பின்னால் ஆமாம் சாமி போட ஏழெட்டுப் பேர். பிறகு எவரோ அந்தக் குறிப்பைத் தோண்டி எடுத்துப் போட்டுவிட்டார். சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. தண்டோரா மடிக்கணினியை மூடப் போனாள்.

"மூடாதே. என்ன அது?"

"வேண்டாம் அண்ணி."

"திருப்பு இந்தப் பக்கம்."

திருப்பினாள். அண்ணி அந்த இரண்டு வரியைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி படித்தாள்.

"'அவருக்கு வேறு ஏதோ பிரச்சினை'," என்று அண்ணி வாய்விட்டுச் சொன்னாள். "ஆளைப் பாரு. எப்ப எழுதினாரு இதை?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இருக்கும்."

"என்னைப் பார்க்கறதுக்கு முன்னாடியே என்னைக் கிண்டல் பண்ணியிருக்காரு." உதடு ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மற்றப் பக்கம் அதோடு சேர்ந்துகொள்ளவில்லை. "மூணு வருஷமா அந்தப் பூட்டுக்குப் பின்னாடி எனக்கு ஒரு வார்த்தை இருக்குன்னு உக்காந்திருக்கேன். அந்த மனுஷன் வார்த்தையை எங்க வச்சிருக்காரு பாரு. உலகமே படிக்கற இடத்துல."

"அண்ணி, அது உங்களுக்கு எழுதினது இல்லையே..."

"தெரியாதா எனக்கு? சும்மா இரு."

எழுந்து அந்த அறைக்குள் போனாள். தண்டோரா பின்னாலேயே போனாள். மேசை மேல் தூசி இல்லை. நாற்காலி அன்றைக்குத் தள்ளியிருந்தபடியே கொஞ்சம் கோணலாக இருந்தது. திரையில் பூட்டுப் படம். கீழே, பாஸ்வேர்டு கேட்டுக் கண்சிமிட்டும் சின்னக் கோடு.

"நான் அமுக்கட்டுமா?" என்றாள் தண்டோரா.

"நீ தள்ளு. அவர் தங்கைதான், இல்லைங்கலை. ஆனா அன்னைக்குக் காலைல சண்டை போட்டது நான்."

அண்ணி நாற்காலியை நேராக்கி உட்கார்ந்தாள். விரலைப் பொத்தானில் வைத்தாள். வைத்தபடியே, ஆளிடம் பேசுவதுபோல், "டீ வேண்டாம்னு சொல்லியிருந்தேன். வேணும்னு சொல்லியிருக்கலாம்," என்றாள். பிறகு அழுத்தினாள்.

விசிறி இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. அப்போதுதான் தெரிந்தது, அந்த அறையில் ஒரு சுவர்க் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பத் திணறுவது கேட்டது. அண்ணியின் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

"இப்ப திரும்பப் போடணும்," என்றாள் தண்டோரா, வெகு நேரம் கழித்து.

போட்டார்கள். கணினி எழும்பும்போதே உள்ளே நுழைந்து பாஸ்வேர்டை மாற்றும் வழி ஒன்று உண்டு. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அண்ணன்தான். அப்டேட் ஏறியது. பிறகு திரை திறந்தது. பூட்டு இல்லை. அண்ணனின் ஃபைல்கள் எல்லாம் இருந்தன, படங்கள் இருந்தன. ஒரு பதிவைத் தட்டியதும் அவர் குரலே வந்தது, யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டு. அண்ணி கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"அப்புறம் கேக்கறேன். அது?"

தண்டோரா தேடினாள். எழுதிக்கொண்டிருந்தது ஏதாவது தானாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையிலும் துழாவினாள். இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் மனசில் ஒரு பொய் வந்து நின்றது. 'உங்களுக்குத்தான் ஏதோ எழுதியிருந்தார் போல' என்று சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? நாமாக இருந்தால் சொல்லியிருப்போம், அதோடு நாலு வரி சேர்த்தும் சொல்லியிருப்போம்.

"இல்ல அண்ணி. என்ன இருந்துதுன்னு தெரியலை. இனிமே தெரியாது."

அண்ணி தலையாட்டினாள். "சரி," என்றாள். "பொய் சொல்லாம சொன்னியே."

மேசைக்குத் திரும்பி வந்தபோது மடிக்கணினியில் கூச்சல் அடங்கவில்லை. மலைமுழுங்கி நீளமாக ஒரு பிரசங்கம் எழுதியிருந்தார். அண்ணி அதைப் படித்துவிட்டு, "இவருக்கு நான் ஒண்ணு எழுதலாமா? யார் வேணா எழுதலாம்ல?" என்றாள். இத்தனை வருஷம் படித்தாளே தவிர, அந்தக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டினாள்:

'பலகையில் முதலில் இருந்தது எங்கள் வீட்டுக் கணினி. இப்போது அணைத்துவிட்டேன். உங்களுடையதில் இருப்பது பத்திரமாக இருக்கட்டும்.'

அனுப்பினாள். பலகையில் மேலே இருந்த அந்த வரி மறைந்து, மலைமுழுங்கி முதலிடத்துக்கு ஏறினார். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடம். அங்கே அவர் சில நிமிஷம்தான் இருந்தார். அந்தச் சில நிமிஷமும் யாரும் எதுவும் எழுதவில்லை. சிரிப்புப் படம்கூட இல்லை. அந்தக் கணினி யாருடையது, ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்று கூட்டத்தில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். பேசிக்கொள்ளாததால் தெரியாது என்று ஆகிவிடுமா?

பிறகு அவர் பெயரும் பலகையிலிருந்து மறைந்தது. 'அணைத்தேன் அம்மா,' என்று ஒரே வரி. அவருக்குக் கீழே இருந்தவர், அவருக்கும் கீழே இருந்தவர். பூட்டுக்காரரிடமிருந்து தண்டோராவுக்குத் தனியாக ஒரு மெயில் வந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுத வந்து முடியாமல் அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

கடை திறக்க நேரமாகிவிட்டது. அண்ணி புடவையைச் சரிசெய்து, சாவியை எடுத்தாள். வாசலில் செருப்பைப் போட்டவள், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் திரும்பி அந்த அறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே விசிறி பழையபடி இரைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, நான் கடைக்குப் போறப்போ இதை அணைச்சிட்டுப் போகலாமா? ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது அண்ணி. தாராளமா."

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அப்ப எப்படி ஒழுங்கா அணைக்கறதுன்னு சொல்லிக் குடு. இத்தனை வருஷம் அதை மட்டும் நான் கத்துக்கவே இல்லை."